அடுப்பு எரிந்தால் ஜெனரேற்றர் ஓடிவிடாது

கடந்த வாரம் யாழ்ப்பாணம் கோண்டாவிலில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். படலையடியிலேயே சத்தம் காட்டிக்கொடுத்துவிட்டது. சமையல் காஸில் ஓடும் ஜெனரேற்றர் ஏறி இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதைப் பூட்டிய தம்பி பக்கத்தில் குந்தியிருந்து, இயந்திரத்துக்குக் காஸை அளந்து விடும் டயபிரம் றெகுலேற்றரின் திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு வீட்டில் பூட்டிவிட்டு அப்படித்தான் குந்தியிருந்தேன்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சொட்டுப் பெற்றோலில் உசுப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. எதையும் எதிலும் ஓட்டிவிடலாம் என்ற துணிவு நமக்கு அப்போதே வந்துவிட்டது. 2022 இல் 13 மணி நேர மின்வெட்டையும் பார்த்த பிறகு கேட்கவா வேண்டும்? ஆனால் காஸ் இந்தத் துணிவுக்கு மசிவதில்லை. வீட்டுக்குள் வைத்து ஓட்டாதீர்கள், பக்கத்தில் நெருப்பு வைக்காதீர்கள் என்பதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் மற்றப் பிழைகளுக்கு வருகிறேன்.

சமையலறை றெகுலேற்றரை மாட்டுவது

அடுப்புக்குச் சிலிண்டர் வாயில் மாட்டுகிற றெகுலேற்றரையே ஜெனரேற்றருக்கும் மாட்டுகிறார்கள். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கேட்டால், "அடுப்பு நன்றாக எரிகிறதே அண்ணை" என்பார்கள். எரியும். இரண்டு அடுப்பையும் முழுதாகத் திறந்தாலும் மணிக்கு அரைக் கிலோ காஸ் போகாது. 5 கிலோவாட் ஜெனரேற்றர் முழுச் சுமையில் மணிக்கு 2 கிலோ வரை குடிக்கும். தோட்டத்துக்கு இறைக்கிற இரண்டு அங்குல மெஷினுக்கு அரை அங்குலக் குழாய் பூட்டியதுபோல்தான். சுமை இல்லாதபோது அழுத்தம் சரியாகவே இருக்கும், சுமை ஏறினால் அளவுதான் போதாது.

இதில் ஏமாற்றுவது என்னவென்றால், சுமை இல்லாதபோது இயந்திரம் அழகாக ஓடும். பூட்டியவர் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இரவு தண்ணீர் மோட்டரைப் போட்டதும் திணறும். அப்போது கை நேரே டயபிரம் றெகுலேற்றருக்குப் போகும். இயந்திரம் உறிஞ்சும்போது மட்டும் திறந்து, நின்றதும் மூடவேண்டிய சாமான் அது. அதன் திருகாணியைத் தளர்த்தினால் கொஞ்சம் கூடுதலாகக் காஸ் வரும், திணறல் குறைந்ததுபோல் தெரியும்.

நானும் தளர்த்தினேன். மறுநாள் காலை கொட்டகையைத் திறந்தபோது காஸ் மணம் முகத்தில் அடித்தது. இரவு முழுக்க, நின்ற இயந்திரத்தின் வழியாகக் கசிந்திருக்கிறது. அப்போதும் புத்தி வரவில்லை. சிலிண்டர் வால்வை மூடிவைத்துச் சமாளித்தேன். இரண்டு மாதத்தில், புகை வெளியேறும் எக்ஸோஸ்ற் வால்வு கருகிப் போயிற்று. சுமையில் காஸ் குறைந்து காற்று மிஞ்சினால் வெப்பம் எகிறும், முதலில் அடிபடுவது அந்த வால்வுதான். வீட்டுக்காரரின் குளிர்சாதனப் பெட்டி கொம்பிரசரும் குறைந்த வோல்ற்றேஜில் முக்கி முக்கியே செத்தது. அதற்கும் நான்தான் கட்டினேன்.

மேசன்மார் தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கிற, உள்ளே தெரியும் பிளாஸ்ரிக் குழாய் ஒன்று போதும், கண்டுபிடித்திருக்கலாம். அதை யு வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதிக்குத் தண்ணீர் விட்டு, ஒரு முனையைக் குழாய்வழியின் சோதனை முனையில் மாட்டுங்கள். மற்ற முனை திறந்திருக்கட்டும். இரண்டு பக்கத் தண்ணீருக்கும் இடையே 28 சென்ரிமீற்றர் உயர வித்தியாசம் இருந்தால் அழுத்தம் ஏறத்தாழ 28 மில்லிபார். முக்கியம்: இதை இயந்திரம் முழுச் சுமையில் ஓடும்போது பார்க்க வேண்டும். கோண்டாவிலில் சும்மா நின்றபோது 29 காட்டியது. தண்ணீர் மோட்டரையும் இஸ்திரிப் பெட்டியையும் போட்டதும் தண்ணீர் சரசரவென்று இறங்கி 11 இல் நின்றது. தம்பி பேசவில்லை. திருகாணியை இருந்த இடத்துக்கே கொண்டுவந்தார்.

போதிய அளவு தரும் றெகுலேற்றரைப் போட்டோம். மணிக்கு எத்தனை கிலோ என்பது அதன் உடம்பிலேயே பொறித்திருக்கும். 12 மீற்றர் நீளத்துக்கு ஓடிய 8 மில்லிமீற்றர் ஹோஸைக் கழற்றி முக்கால் அங்குலக் குழாய் போட்டோம். அந்த ஹோஸ் மட்டுமே பத்து மில்லிபாருக்கு மேல் தின்றிருக்கும்.

ஒற்றைச் சிலிண்டரை நம்புவது

12.5 கிலோ சிலிண்டரில் இருந்து மணிக்கு 2 கிலோ இழுத்தால், உள்ளே திரவம் ஆவியாகும் வேகம் ஈடுகொடுக்காது. சிலிண்டர் வியர்க்கும், குளிரும், அழுத்தம் விழும். பாதிக் காஸ் உள்ளே இருக்கவே முடிந்துவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களைக் கண்டிருக்கிறேன். இரண்டை இணைத்து ஒன்றாகத் திறவுங்கள், அல்லது 37.5 கிலோ வாங்குங்கள். சுடுதண்ணீர் ஊற்றுகிற வேலை வேண்டாம்.

சிலிண்டரைப் படுக்கவைப்பது

கூடாது. றெகுலேற்றருக்குள் திரவம் போகும்.

கிணற்றடி

நிழல் இருக்கிறது, மோட்டர் கொட்டில் இருக்கிறது என்று சிலிண்டரைக் கிணற்றடியில் வைக்கிறார்கள். இந்தக் காஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாரம். கசிந்தால் பள்ளம் தேடிப் போகும். நம் வளவுகளில் கிணற்றைவிடப் பெரிய பள்ளம் எது? பக்கத்திலேயே மோட்டர் சுவிட்ச் பொறி தட்டும். அதைவிட என்னைப் பயமுறுத்துவது, கிணறு கலக்கி இறைக்க உள்ளே இறங்கும் ஆளுக்கு மூச்சு முட்டிப்போவது.

பெற்றோல் ஹோஸ்

காஸுக்கென்று விற்கும் ஹோஸை வாங்குங்கள்.

டயபிரம் றெகுலேற்றரை இயந்திரத்தில் இறுக்குவது

அதிர்வில் டயபிரம் தானாகத் திறந்து மூடும். சுவரில் அல்லது தனிச் சட்டத்தில், டயபிரம் நிலைக்குத்தாக இருக்கும்படி பூட்டி, இயந்திரத்துக்கு வளையும் ஹோஸ் கொடுங்கள்.

நிறுத்தும் முறை

சுவிட்சை அணைத்து நிறுத்தாதீர்கள். சுமையைக் கழற்றிவிட்டுச் சிலிண்டர் வால்வை மூடுங்கள். குழாயில் மிஞ்சிய காஸைக் குடித்துவிட்டு அது தானே நிற்கும்.