கணினியில் ராகம் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உவர்மலையிலும் நிலாவெளியிலும் சில பிள்ளைகள் லப்டொப்பில் கோட் எழுதி இசை செய்யப் பழகுகிறார்கள். அவர்கள் அனுப்புவதைக் கேட்டால், நான் தொடக்கத்தில் செய்த அதே பிழைகள். சத்தம் கூடுவது, எதிரொலி அதிகமாவது எல்லாம் தானாகச் சரிவரும். தானாகச் சரிவராதவற்றைப் பற்றித்தான் இது.

சுரப்பட்டியலை ராகம் என்று நம்புவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஆரோகண அவரோகணத்தை, அதாவது ராகத்தின் சுரங்கள் ஏறி இறங்கும் வரிசையை, உள்ளே போட்டு, அடுத்த சுரத்தைத் தற்செயலுக்கு விட்டுவிடுகிறார்கள். ஒரு தம்பி மாதக்கணக்கில் உழைத்துத் தேவகாந்தாரி ராகம் செய்தார். கோயிலில் வாசிக்கும் நாதஸ்வர வித்துவான் ஒருவருக்குப் போட்டுக் காட்டினோம். பொறுமையாக முழுவதும் கேட்டார்.

"தம்பி, இது ஆரபியோ தேவகாந்தாரியோ?"

"தேவகாந்தாரி, ஐயா."

"எனக்கு ரெண்டும் கேக்கேல்ல."

இரண்டுக்கும் ஆரோகண அவரோகணம் ஒன்றுதான். ஆரபி கமகம் (சுரத்தை அசைப்பது) குறைந்து விறுவிறுவென்று போகும். தேவகாந்தாரி நீண்ட சுரங்களில் ஆறுதலாக அசையும். தம்பி எழுதிய நிரலில் இருந்தது பட்டியல் மட்டும். வேறுபாடு எங்கிருந்து வரும்? அவ்வளவு உழைப்பையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று.

1957இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹில்லரும் ஐசக்சனும் இலியாக் கணினியைக் கொண்டு நால்வர் வாசிக்கும் இசை ஒன்றை உருவாக்கினார்கள். அவர்களே தற்செயலாக வந்த சுரங்களை அப்படியே எடுக்கவில்லை. மேற்கத்திய இசை விதிகளுக்குப் பொருந்தாதவற்றைக் கழித்தார்கள். நமக்கு அந்த விதி ராகத்தின் பிடிகள், அதாவது ராகத்தை அடையாளம் காட்டும் சிறு சுரத்தொடர்கள். சுரங்களை எண்ணாமல், முதலில் பிடிகளைக் கேட்டுச் சேருங்கள். நிரல் அவற்றைக் கோக்கட்டும்.

கமகத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விடுவது

தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைவது. அதை அசையாமல் நிறுத்தினால் தோடி போயிற்று. மிடியில் (கணினி இசைக்கருவிக்குச் சுரங்களைச் சொல்லும் முறை) இதற்கு வழி உண்டு: சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்ட். பெரும்பாலான கருவிகளில் மேலே 2 அரைச்சுரம், கீழே 2 அரைச்சுரம் வளையும்; இந்த அசைவுக்கு அது போதும். ஆனால் பெண்ட் முழுச் சனலையும், அதில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும், வளைக்கும். சுருதியை வேறு சனலில் வையுங்கள், இல்லாவிட்டால் தம்பூராவும் சேர்ந்து ஆடும்.

சீட் எண்ணைக் குறிக்காமல் விடுவது

கணினியின் தற்செயல் தேர்வு தொடங்கும் எண்தான் சீட். குறிக்காவிட்டால் நேற்று வந்த நல்ல துண்டு இன்றைக்கு வராது.

தாளத்தையும் தற்செயலுக்கு விடுவது

வேண்டாம்.

கேட்காமல் பதிவு செய்வது

திருவிழாவில் தவில் வாசிப்பவரிடம் முதலில் கேளுங்கள். எதற்கு எடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம் போனை நீட்டுங்கள்.