ஆட்டம் முடிந்த பிறகு விளம்பரத் தொழில்: நீலகிரிக் கால்பந்து வீரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தொழில்முறைக் கால்பந்து வீரர்களில் பெரும்பாலோருக்கு முப்பத்தைந்து வயதுக்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. உழைப்பதற்கு அதன் பிறகும் பல ஆண்டுகள் மீதமிருக்கின்றன. உதகையிலோ கூடலூரிலோ பிறந்து, கோவை, சென்னை, கோழிக்கோடு என்று கிளப்புகளுக்கு ஆடிவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் பயிற்சியாளர் பணியையோ, விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் அரசு வேலையையோதான் நினைக்கிறார்கள். விளம்பரத் தொழிலும் அவர்களுக்கு மிகப் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. ஜெரார்ட் பிக்கே பார்சிலோனாவுக்கு ஆடிக்கொண்டிருந்தபோதே, 2017இல், கோஸ்மோஸ் என்ற விளையாட்டு, ஊடக முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். டேவிட் பெக்காம் 2019இல் கூட்டாளிகளுடன் ஸ்டுடியோ 99 என்ற தயாரிப்பு நிறுவனத்தை நிறுவினார். அவர்களிடம் இருந்த மூலதனம் நம்மிடம் இல்லை. ஆனால், பிறர் பொருளுக்கு முகம் காட்டிச் சம்பளம் வாங்குவதோடு நின்றுவிடாமல் தயாரிக்கும் பக்கத்துக்கு நகர்வது என்ற அந்த முடிவை மலையில் இருந்துகொண்டும் எடுக்கலாம்.

இதற்கான வேலையை ஆடும் காலத்தின் கடைசி இரண்டு சீசன்களிலேயே தொடங்கிவிட வேண்டும். கிளப்புடன் போட்ட ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் கொண்டுபோய், உங்கள் பெயரையும் படத்தையும் பயன்படுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற பிரிவை வரிவரியாகப் படியுங்கள். கிளப்பின் சின்னமும் ஜெர்சியும் கிளப்புக்கே உரியவை. அவற்றோடு இருக்கும் உங்கள் பழைய படத்தை, அனுமதி வாங்காமல் புதிய நிறுவனத்தின் விசிட்டிங் கார்டில் போடக் கூடாது. பயிற்சி முடிந்ததும் விடுதிக்குப் போகாமல், கிளப்பின் மார்க்கெட்டிங் பிரிவினரோடு கொஞ்ச நேரம் இருங்கள். மைதானத்தின் விளம்பரப் பலகைக்கு எப்படி விலை வைக்கிறார்கள், ஆட்டம் முடிந்ததும் ஸ்பான்சருக்கு என்ன அறிக்கை அனுப்புகிறார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த அறிக்கையை ஒழுங்காக அனுப்புகிறவரிடம்தான் ஸ்பான்சர் அடுத்த ஆண்டும் வருவார். இன்னொன்றும் உண்டு: வீரர்களுக்கு விளம்பர வாய்ப்பு தேடித் தருவது விளம்பரத் தொழில், அவர்களைக் கிளப் மாற்றிவிட்டுக் கமிஷன் வாங்குவதற்கு ஃபிஃபாவின் ஏஜென்ட் உரிமம் வேண்டும். இரண்டையும் கலக்காதீர்கள்.

மலைக்கு வந்ததும் பலருக்கு முதலில் தோன்றுவது சாலையோரப் பெரிய பலகை. அதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பேன். உள்ளாட்சியின் உரிமம் இல்லாமல் பலகை வைக்க முடியாது என்பது ஒருபுறமிருக்க, மேட்டுப்பாளையம் குன்னூர் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் கல்லட்டிச் சாலையின் 36 வளைவுகளிலும் ஓட்டுநரின் கண்ணைச் சாலையிலிருந்து இழுப்பது உயிருக்கு ஆபத்தான செயல். 2019இல் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. இமயமலைப் பாறைகளில் விளம்பரம் தீட்டிய குளிர்பான நிறுவனங்களை உச்ச நீதிமன்றம் 2002இல் கண்டித்ததும் நினைவில் இருக்கட்டும். மழையும் மூடுபனியும் உள்ள மாதங்களில் அந்தப் பலகை கண்ணுக்கே தெரியாது என்பதையும் சேர்த்துக்கொண்டால், கணக்கும் நமக்குச் சாதகமாக இல்லை.

உங்களுக்கு மட்டுமே தெரிந்த இடம் மைதானம், அங்கிருந்து தொடங்குங்கள். ஊர்ப் போட்டிகளில் பேனர்களை எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே கட்டிவிட்டுப் போகிறார்கள். ஆனால் ஆடியவருக்குப் பந்து எங்கே நிற்கும் என்று தெரியும்: கார்னர் கொடியின் பின்புறமும் கோல் கம்பங்களுக்கு இரு பக்கமும்தான் எல்லோருடைய பார்வையும் அதிக நேரம் தங்குகிறது. கேமரா எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்க எல்லைக்கோட்டில் கட்டிய பேனர்தான் வீடியோவில் விழும். இந்த இடங்களுக்கு அதிக விலையும் மற்றவற்றுக்குக் குறைந்த விலையும் வைத்து, மைதானத்தின் வரைபடத்தைக் காகிதத்தில் போட்டுக் கடைக்காரர் முன் விரித்துக் காட்டுங்கள். ஃப்ளெக்ஸ் வேண்டாம்; பிளாஸ்டிக்குக்கு எதிராக இத்தனை ஆண்டுகள் பாடுபட்ட மாவட்டத்தில் துணி பேனரே மரியாதை. துணி நனைந்தால் எடை கூடித் தொய்யும் என்பதால், மேலும் கீழும் மடித்துத் தைத்துக் கயிறு கோத்து, நடுவிலும் ஒரு கம்பு கொடுத்துக் கட்ட வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும். கடைப் பெயரும் ஊரும் போதும், தொலைபேசி எண்ணை யாரும் ஓடும் பந்துக்கு நடுவில் படிப்பதில்லை. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் அணிக்கு ஏழு பேர் ஆடும் கேரளத்தின் செவன்ஸ் ஆட்டத்துக்குக் கூட்டம் உண்டு. விளக்கொளியில் இரவில் நடக்கும் அந்த ஆட்டங்களுக்கு வெள்ளைத் துணியில் அடர்நிற எழுத்தே எடுபடும்.

மைதானத்தில் சம்பாதித்த நம்பிக்கையோடு அடுத்துத் தேயிலைக்குப் போகலாம். சொந்தப் பெயரில் பாக்கெட் போட விரும்பும் சிறு தொழிற்சாலைகள் இங்கே உண்டு. அவர்களுக்கு நல்ல படமும் நேர்மையான நான்கு வரிகளும்தான் தேவை. நீங்கள் கோப்பையோடு சிரிக்கும் படத்தை எடுக்க வேண்டாம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனிக் காலத்து இலைக்குத் தனி மணம் உண்டு. அந்த நாட்களின் காலை வெளிச்சத்தில் தோட்டத்தைப் படமெடுத்துவிட்டு, பிறகு தொழிற்சாலைக்குள் போங்கள். இலையை உருட்டித் தயாரிக்கும் ஆர்த்தடாக்ஸ் தேயிலையில், இரவெல்லாம் தொட்டியில் வாடிய இலை உருட்டும் இயந்திரத்தில் முறுகி, பச்சை நிறம் மெல்லச் செம்பு நிறமாக மாறும் அந்தக் கட்டத்தை, பின்னணி இசை எதுவும் சேர்க்காமல் இயந்திரத்தின் ஓசையோடு முப்பது வினாடி காட்டினால், வாங்குகிறவருக்குத் தூளின் தரம் கண்ணில் தெரியும். உங்கள் பெயர் தொழிற்சாலை முதலாளியின் அறைக்கதவைத் திறக்க மட்டுமே உதவும். இரண்டாவது ஆர்டரை இந்தப் படம்தான் கொண்டுவரும்.

தங்கும் விடுதி, ஹோம்மேட் சாக்லேட், வர்க்கி விற்கும் கடைகளுக்கு வேறு கணக்கு. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதால், பயணி கிளம்புவதற்கு முன்பே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடுகிறார். எனவே விடுதியின் விளம்பரம் உதகையில் அல்ல, பெங்களூரிலும் சென்னையிலும் இருப்பவரின் கைபேசியில், மலர்க் கண்காட்சிக்குப் பல வாரங்களுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும்.

வாய்ச்சொல்லில் கவனம் தேவை. தேயிலை நோயைக் குணமாக்கும், தைலம் மூட்டுவலியை ஒழிக்கும் என்றெல்லாம் எழுதித் தரச் சொல்வார்கள், மறுத்துவிடுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொய்யான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் உண்டு. பரிந்துரைத்த பிரபலமும் அதற்குப் பொறுப்பு. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளின் விளம்பரத்தை 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. உங்களைப் பார்த்துப் பந்தைத் தொட்ட பிள்ளைகள் ஊரில் இருக்கும்போது, சட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் பணம் நமக்கு வேண்டாம்.

பதிவு வேலைகள் எளியவை. சிறு நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. செலவு கழிக்காத ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். விளம்பரச் சேவைக்கு வரி 18 சதவீதம். பத்திரிகைகள் ஏஜென்சிக்கு வழக்கமாகத் தரும் கமிஷன் 15 சதவீதம். அதை மட்டும் நம்பாமல் வடிவமைப்புக்கும் படப்பிடிப்புக்கும் தனியாகக் கட்டணம் வாங்குங்கள்.

வசூல்தான் கடினம். தெரிந்தவர், ரசிகர், அண்ணன் என்று வாய்வார்த்தையில் வேலை எடுத்தால் பணம் வராது. பாதித் தொகையை அட்வான்ஸாக வாங்கி, தேதி போட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய பிறகே துணியை வெட்டுங்கள். உத்யம் பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தத்தில் அதிக நாள் போட்டிருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். அந்த விதியைப் பில்லின் அடியிலேயே அச்சிட்டுவிடலாம். ஏப்ரல், மே மாதங்களில் கடைக்காரரின் கையில் பணம் புழங்கும். பில்லை அப்போதே கொடுத்துப் பணத்தை வாங்கிவிடுங்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகு கேட்டால், செப்டம்பரில் இரண்டாம் சீசன் வரட்டும் என்றுதான் பதில் வரும்.