உரத்த குரலெல்லாம் கோபமில்லை: உணர்ச்சி கணிக்கும் மென்பொருளுக்குத் திருகோணமலைத் தமிழைப் பதிவு செய்வது எப்படி

கரைவலை இழுப்பவர்களின் கூப்பாட்டை உணர்ச்சி கணிக்கும் மென்பொருளிடம் கொடுத்தால், 'கோபம்' என்று சொல்லிவிடக்கூடும். அது கவனிப்பது குரலின் உரப்பு, சுருதி, வேகம் போன்றவற்றை. ஆள் எவ்வளவு கிளர்ந்திருக்கிறார் என்பது இவற்றில் நன்றாகத் தெரியும். கிளர்ந்தது சந்தோஷத்திலா கோபத்திலா என்பது அவ்வளவாகத் தெரியாது. பெர்லினில் 10 நடிகர்கள் ஜெர்மனில் பேசிய 535 பதிவுகள் போன்றவற்றில் பழகிய மென்பொருளுக்கு நம் கடற்கரை புதிது.

முதலில் ஒவ்வொருவரையும் 2 நிமிடம் சாதாரணமாகக் கதைக்க விடுங்கள்: இன்றைய சமையல், கிண்ணியா பஸ், எதுவும் சரி. அதிலிருந்து அவருடைய சராசரிச் சுருதியையும் நியம விலகலையும் (சுருதி சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற அளவு) எடுங்கள். பிந்திய பதிவுகளின் சுருதியில் அந்தச் சராசரியைக் கழித்து, விலகலால் வகுங்கள். இதை விட்டால், இயல்பிலேயே கீச்சுக் குரல் உள்ளவர் எந்நேரமும் பதற்றப்படுபவராகத் தெரிவார்.

பதிவு 16,000 ஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தட (மோனோ) வேவ் கோப்பாக இருக்கட்டும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில். போனில் ஒலியைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்துங்கள். அது முணுமுணுப்பை உயர்த்தி, கத்தலைத் தாழ்த்திவிடும், பிறகு உரப்பை அளந்து பயனில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் விடியற்காலையில் பதியுங்கள், அல்லது அறைக்குள், மின்விசிறியை நிறுத்திவிட்டு.

ஒவ்வொரு பதிவிலும் இருப்பது என்ன உணர்ச்சி என்று பெயரிடுவதுதான் பெரிய வேலை. குறைந்தது மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுப் பெயரிட வேண்டும். மூதூர், கிண்ணியாப் பேச்சு பழகிய காது ஒன்றாவது அவர்களில் இருக்கட்டும். அவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டும் ஃபிளைஸ் கப்பா என்ற அளவு 0.4-க்குக் கீழே போனால் கேட்டவர்களைக் குறை சொல்லாமல் பெயர்ப் பட்டியலைத் திருத்துங்கள். 'சிரித்தாரா' என்பதையும் 'என்ன உணர்ச்சி' என்பதையும் வேறு வேறு கேள்விகளாக்குங்கள். சிரிப்பெல்லாம் சந்தோஷமில்லை: நகைக்குத் தொல்காப்பியம் சொல்லும் நான்கு காரணங்களில் முதலாவதே எள்ளல், அதாவது கேலி.

ஒருவரின் குரல், மென்பொருளைப் பழக்கும் பதிவுகளிலும் அதைச் சோதிக்கும் பதிவுகளிலும் சேர்ந்து வரக்கூடாது. வந்தால் மென்பொருள் உணர்ச்சியை விட்டு ஆளை அடையாளம் காணப் பழகும். மதிப்பெண் மட்டும் அழகாக இருக்கும்.

கடைசியில், மீன் ஏலப் பதிவுகள் 20-ஐ ஒதுக்கி வைத்துச் சோதியுங்கள். பிறகு அவற்றையே ஒரே உரப்புக்குக் கொண்டுவந்து மீண்டும் கொடுங்கள். விடை பெரிதும் மாறினால் மென்பொருள் சத்தத்தை மட்டுமே நம்புகிறது. அப்போது உரத்த சந்தோஷத்தையும், 'ஓம் ஓம், சரி' என்று பல்லைக் கடித்துச் சொல்லும் தாழ்குரல் கோபத்தையும் கூடுதலாகச் சேர்த்துப் பயிற்றுங்கள்.