எத்தனால் வடித்தலில் நீராவிச் செலவைக் குறைப்பது எப்படி?

சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகான மொலாசஸை நொதிக்க வைத்துப் பெறும் திரவமான வாஷில் எத்தனால் பெரும்பாலும் 8 முதல் 10 விழுக்காடுதான் இருக்கும். 8 விழுக்காடு என்றால், ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 12.5 லிட்டர் வாஷைச் சூடாக்கியாக வேண்டும். வளிமண்டல அழுத்தத்தில் இயங்கும் ஆலையில் அதை 30 டிகிரி செல்சியஸிலிருந்து 90 டிகிரிக்கு ஏற்றுவதற்கே சுமார் 3,150 கிலோஜூல், அதாவது ஏறக்குறைய 1.4 கிலோ நீராவி செலவாகும். ஆகவே புதிய கருவிகளுக்கு விலை கேட்பதற்கு முன், வடிகோபுரத்தின் அடியிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெளியேறும் கழிவுநீரின் சூட்டை, உள்ளே வரும் வாஷுக்கு மாற்றுங்கள். மொலாசஸில் உள்ள கால்சியம் உப்புகள் சூடான பரப்பில் படிவதால், தகடுகளுக்கிடையே இடைவெளி அகலமான வெப்பப் பரிமாற்றியே இதற்கு ஏற்றது. அதிலிருந்து வெளிவரும் வாஷின் வெப்பநிலையை ஷிப்டுதோறும் குறித்து வாருங்கள். வரத்தின் அளவு மாறாமலேயே அது நாளுக்கு நாள் இறங்கினால், கழுவும் நேரம் வந்துவிட்டது.

அடுத்தது ரிஃப்ளக்ஸ், அதாவது கோபுரத்தின் உச்சியில் குளிர்ந்து திரவமானதில் ஒரு பகுதியை மீண்டும் கோபுரத்துக்குள் விடுவது. தரம் குறைந்துவிடுமோ என்ற அச்சத்தில் இதைத் தேவைக்கு மேல் வைத்து ஓட்டுவது பல ஆலைகளில் பழகிப்போன வழக்கம். மேலிருந்து திருப்பிவிடும் ஒவ்வொரு கிலோ எத்தனாலையும் மீண்டும் ஆவியாக்க சுமார் 840 கிலோஜூல் வேண்டும் என்பதை நினைவில் கொண்டு, ரிஃப்ளக்ஸைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் கோபுரம் நிலைப்படும்வரை காத்திருந்து, வெப்பநிலை சட்டென மாறும் நடுத்தட்டைக் கவனியுங்கள். அந்தத் தட்டு காரணமின்றி அலைபாய்ந்தால், ரிஃப்ளக்ஸைக் கூட்டுவதற்கு முன், கோபுரத்தின் நடுவில் சேரும் கனமான ஆல்கஹால்களின் கலவையான பியூசல் எண்ணெயைச் சரியாக வெளியே எடுக்கிறீர்களா என்று பாருங்கள். பல நேரங்களில் குற்றம் அங்கேதான் இருக்கும்.

புதிய ஆலை அமைப்பவர்களுக்கு மிகப் பெரிய மிச்சம் அழுத்த வேறுபாட்டில் கிடைக்கிறது. வாஷிலிருந்து எத்தனாலைப் பிரிக்கும் வாஷ் கோபுரத்தை வெற்றிடத்திலும், அந்த எத்தனாலைச் செறிவாக்கும் கோபுரமான ரெக்டிஃபையரைச் சற்று உயர்ந்த அழுத்தத்திலும் இயக்கினால், ரெக்டிஃபையரின் உச்சியிலிருந்து வரும் ஆவி வாஷ் கோபுரத்தின் அடியிலுள்ள கொதிகலமான ரீபாய்லரைக் கொதிக்க வைக்கும் அளவுக்குச் சூடாக இருக்கும். குளிர்நீரில் கரைந்து போகும் வெப்பம் இரண்டாம் முறையும் வேலை செய்யும். வெற்றிடத்தில் வாஷ் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால் படிவும் குறைகிறது.

நிறைப்படி 95.6 விழுக்காட்டில் எத்தனாலும் நீரும் கொதிநிலை மாறாக் கலவையாகிவிடும். வளிமண்டல அழுத்தத்தில் சாதாரண வடித்தலால் அதைத் தாண்ட முடியாது. முன்பு இதற்குப் பென்சீன் சேர்த்தார்கள். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது ஒருபுறமிருக்க, கூடுதல் கோபுரங்களையும் அவற்றுக்கு நீராவியையும் கேட்டது. அதற்குப் பதிலாக, 3 ஆங்ஸ்ட்ராம் அளவுள்ள மிக நுண்ணிய துளைகள் கொண்ட மணிகளாலான மூலக்கூறு சல்லடை நீரை உள்ளிழுத்து எத்தனாலை விட்டுவிடும். ஆனால் ஆவியை அதன் கொதிநிலைக்கு மேல் சூடேற்றியே சல்லடைக்குள் அனுப்புங்கள்; திரவத் துளிகள் பட்டால் அதன் மணிகள் நொறுங்கித் தூளாகும். உள்ளிழுத்த நீரை வெற்றிடத்தில் வெளியேற்றிச் சல்லடையைப் புதுப்பிக்கும்போது வெளியேறும் நீர் கலந்த எத்தனாலை வீணாக்காமல் ரெக்டிஃபையருக்கே திருப்பிவிட வேண்டும்.