பெருந்தொற்றும் ஆட்சியும்: விவாத மேடைக்கு ஆயத்தமாவது எப்படி

திருகோணமலையில் உயர்தர மாணவர்களையும் வேலைக்குப் போகும் இளைஞர்களையும் சேர்த்து நாங்கள் நடத்திவரும் விவாத வட்டத்தில், இந்தப் பொருளில் முதன்முதலாக வைத்த தலைப்பு “பெருந்தொற்றை வெல்ல மக்களாட்சியைவிட உறுதியான தனியாட்சியே ஏற்றது” என்பதாகும். ஒட்டிப் பேசியவர்கள் சீனாவையும் வியட்நாமையும் எடுத்தார்கள். வெட்டிப் பேசியவர்கள் நியூசிலாந்தையும் தாய்வானையும் எடுத்தார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் தொடவே இல்லை. ஒன்றரை மணித்தியாலம் கழிந்த பின்னர் நடுவர் நாவன்மைக்குப் புள்ளி போட்டுவிட்டு எழுந்தார். பேச்சாளர்களைக் குறை சொல்ல முடியாது, தலைப்பே அப்படிப்பட்டது. நாட்டின் பெயரோ, காலமோ, குறித்த ஒரு முடிவோ இல்லாத தலைப்பு பட்டிமன்றத்துக்கு உதவலாம், விவாதத்துக்கு உதவாது.

ஆகவே முதலில் தலைப்பைச் சுருக்குங்கள். ஒரு நாடு, ஒரு காலம், ஒரு விளைவு, அதற்குப் போட்டியிடும் இரண்டு காரணங்கள் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். பின்னர் நாங்கள் எடுத்துக்கொண்ட தலைப்பு இது: “2020இன் முதல் அலையை இலங்கை அடக்கியதற்கு ஊரடங்கைவிடப் பொதுச் சுகாதார வலையமைப்பே முதன்மைக் காரணம்.” அந்த ஆண்டு செப்டெம்பர் முடியும்வரை இந்த நாட்டில் பதிவான கோவிட் இறப்புகள் 13 மட்டுமே. அவ்விளைவை இரு அணியும் ஏற்றுக்கொள்வதால், காரணத்தைப் பற்றி மட்டும் மோத முடிகிறது.

அடுத்த வேலை ஒரு தாளில் கோடு போடுவது. திகதி, எடுக்கப்பட்ட முடிவு, அதை எடுத்தவர், அதைச் செயற்படுத்தியவர் என்று நான்கு நிரல்கள் போதும். 2020 மார்ச் 2ஆம் திகதி ஜனாதிபதி நாடாளுமன்றத்தைக் கலைத்தார். மார்ச் நடுப்பகுதியில் இராணுவத் தளபதியின் தலைமையில் கோவிட் தடுப்புக்கான தேசிய செயற்பாட்டு நிலையம் அமைக்கப்பட்டது. மார்ச் 20 மாலை நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. ஏப்ரல் 25க்குக் குறிக்கப்பட்ட தேர்தல் இரண்டு தடவை தள்ளிப்போய் ஓகஸ்ட் 5ஆம் திகதி நடந்தது. புதிய நாடாளுமன்றம் கூடியது ஓகஸ்ட் 20இல். இவ்வளவையும் நிரப்பியவுடனேயே, முதல் அலையின் பெரும்பகுதியை இந்த நாடு நாடாளுமன்றம் இல்லாமலே கடந்தது என்பது மாணவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒட்டிப் பேசுபவருக்கு இது விரைவான முடிவுக்குச் சான்று, வெட்டிப் பேசுபவருக்குக் கேள்வி கேட்க யாருமில்லாத நிலைக்குச் சான்று. ஒரே வரி இரு பக்கமும் வெட்டுமானால் அந்த வரியை வட்டமிட்டு வையுங்கள். நல்ல குறுக்குக் கேள்விகள் அங்கிருந்துதான் பிறக்கும்.

நான்காவது நிரலைத்தான் பலர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அதை நிரப்பக் கொழும்பு வரை போக வேண்டியதில்லை. உப்புவெளிப் பக்கத்தில் நான் இருந்த ஒழுங்கையில், ஒருநாள் காலையில் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, எங்கள் அயல் வீட்டுப் படலையில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டினார். பசை காயும்வரை ஒரு கையால் தாளை அழுத்திப் பிடித்தபடியே, வீட்டில் எத்தனை பேர், பால்மா வாங்கித் தர ஆள் இருக்கிறதா, அம்மாவுக்கு நீரிழிவு மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். ஊரடங்கைப் பிறப்பித்த கை வேறு, இந்தக் கொப்பியை வைத்திருந்த கை வேறு. அவருக்குப் பின்னால் நின்ற சட்டம் 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். அவர் சார்ந்திருந்த சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை என்ற அமைப்பு 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதல் சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்தது. வலையமைப்பின் பக்கம் பேசும் அணி இவற்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். எதிரணி சும்மா இருக்கக் கூடாது: வீதியில் நூறு பேர் நடமாடியிருந்தால் அந்த ஒரு கொப்பியால் நோயாளரோடு பழகிய எத்தனை பேரைத் தேடியிருக்க முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி அது.

இரண்டு கைகளும் உரசிய இடம் ஒன்று உண்டு. 2020 ஜூலையில், தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கையில், சுகாதார வழிகாட்டல்களுக்குச் சட்ட வலு தரும் வர்த்தமானி வெளியாகவில்லை என்று சொல்லிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சங்கத்தினர் கோவிட் பணிகளிலிருந்து விலகினார்கள். அரசியல் எங்கே முடிகிறது, சுகாதார முறைமை எங்கே தொடங்குகிறது என்று காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்கு அகப்படவில்லை.

தேர்ந்த பேச்சாளர் ஒருவர் இந்தக் கட்டத்தில் தலைப்பின் அடித்தளத்தையே அசைக்கப் பார்ப்பார். அதற்கு இடம் கொடுங்கள். சுகாதார முறைமை என்பதே முந்தைய தலைமுறையின் அரசியல் அல்லவா என்று அவர் கேட்கலாம். 1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் இங்கே சர்வசன வாக்குரிமை வந்தது. 1934, 35இல் பரவிய மலேரியா ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. கிராமத்து ஏழைகளிடம் வாக்குக் கேட்டுப் போக வேண்டிய நிலையில் இருந்த பிரதிநிதிகள் அந்த மரணங்களைக் கடந்துபோக முடியவில்லை. கிராமப்புற மருந்தகங்களும் வைத்தியசாலைகளும் பெருகின. 1951இல் அரச வைத்தியசாலைக் கட்டணமும் நீங்கியது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தபோது, அந்தச் சான்றிதழின் வேர் 1930களின் வாக்குப் பெட்டியில் இருந்தது என்று வாதிட முடியும். நான் இந்த வாதத்தின் பக்கம் சாய்பவன் என்பதை மறைக்கப்போவதில்லை. ஆனாலும், வாக்குரிமை வந்த எல்லா நாட்டிலும் இலவச வைத்தியம் வந்துவிடவில்லை என்று எதிரணி சொன்னால் அதற்கும் விடை வைத்திருக்க வேண்டும்.

திருகோணமலையில் இருந்துகொண்டு மாகாண சபையைப் பற்றிப் பேசாமல் விடுவது அழகில்லை. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தத்தின்படி சுகாதாரத்தின் பெரும்பகுதி மாகாணங்களுக்கு உரியது. கிழக்கு மாகாணத்தின் நிர்வாகத் தலைமையகம் எங்கள் நகரில்தான் இருக்கிறது. ஆனால் கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்ததுடன் நிர்வாகம் ஆளுநரிடம் போயிற்று. பெருந்தொற்று வந்தபோது சுகாதாரத்துக்கென்று வாக்காளரிடம் பதில் சொல்ல வேண்டிய மாகாண அமைச்சர் ஒருவரும் இருக்கவில்லை. அதே 2017இன் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது சபை இருந்தது. அந்த ஆண்டு நாடு முழுவதும் டெங்கு நோயாளர் எண்ணிக்கை 186,000ஐத் தாண்டியது. இரு நெருக்கடிகளிலும் யாரிடம் முறையிட்டோம், யார் வந்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரும்படி மாணவர்களுக்குச் சொல்லுங்கள். சபை இருந்தும் பயனில்லை என்று சிலரும், இருந்ததால்தான் கேட்க முடிந்தது என்று சிலரும் எழுதி வருவார்கள். இரண்டும் மேடைக்கு உதவும்.

வெளிநாடுகளை எடுக்கும்போது ஒரு விதி வைத்திருக்கிறோம்: தன் கட்சிக்கு உதவும் நாடு ஒன்றைச் சொல்பவர், தன் கட்சியைச் சங்கடப்படுத்தும் நாடு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இலவசப் பொதுச் சுகாதாரமே காக்கும் என்பவருக்குப் பிரேசில் சங்கடம். 1988 அரசியலமைப்பிலேயே அனைவருக்குமான சுகாதார முறைமையை எழுதி வைத்த நாடு அது. ஆனால் நோயைச் சிறு காய்ச்சல் என்று தள்ளிப் பேசிய ஜனாதிபதியின் கீழ் பெருந்தொற்றுக் காலத்தில் நான்கு சுகாதார அமைச்சர்கள் வந்தார்கள், அவர்களில் ஒருவர் ஒரு மாதங்கூடப் பதவியில் இருக்கவில்லை. வசதியும் நிபுணத்துவமும் போதும் என்பவருக்கு அமெரிக்கா சங்கடம்: 2019 ஒக்டோபரில் வெளிவந்த உலக சுகாதாரப் பாதுகாப்புச் சுட்டெண்ணில் ஆயத்த நிலையில் முதலிடம் அமெரிக்காவுக்கும் இரண்டாமிடம் பிரித்தானியாவுக்கும் கிடைத்திருந்தன. தனியாட்சியைப் புகழ்பவருக்கு வியட்நாம் சங்கடம். இதில்தான் எங்கள் வட்டத்தில் நான் மறக்காத ஒரு நொடி நடந்தது. உறுதியான ஆட்சியால் வியட்நாம் தொற்றைத் துடைத்தெறிந்தது என்று ஒரு தம்பி முழங்கி முடித்தார். கிண்ணியாவிலிருந்து வரும் தங்கச்சி எழுந்து, “அண்ணா சொல்லுறது எந்த மாதம்?” என்று மட்டும் கேட்டுவிட்டு இருந்துவிட்டார். வியட்நாமில் முதல் கோவிட் இறப்பு 2020 ஜூலை 31 வரை பதிவாகவில்லை. டெல்டா வந்த பின் 2021 முடிவதற்குள் அந்த எண்ணிக்கை 30,000ஐத் தாண்டியது. தம்பியிடம் திகதி இருக்கவில்லை.

இலங்கைக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். முதல் அலையில் 13 இறப்புடன் நின்ற அதே நாட்டில், அதே ஜனாதிபதியின் கீழ், அதே பரிசோதகர்களுடன், 2021 ஓகஸ்ட் இறுதியில் நாளாந்த இறப்புகள் 200ஐத் தாண்டின. வைத்தியர் சங்கங்களும் மகாநாயக்க தேரர்களும் கேட்ட பின்னரே ஓகஸ்ட் 20இல் நாடு மூடப்பட்டது. ஆட்சி வகையும் சுகாதார முறைமையும் மாறாதிருக்க, விளைவு மாறியது ஏன் என்பதற்கு இரு அணியும் பதில் சொல்ல வேண்டும். வைரஸ் மாறியது என்பது பதிலின் ஒரு பகுதிதான்.

எண்களைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். அறிவிக்கப்பட்ட இறப்பும் மிகை இறப்பும் (வழமையாக எதிர்பார்க்கப்படும் இறப்புகளுக்கு மேலதிகமாக நிகழ்ந்தவை) ஒன்றல்ல. பெரு நாடு 2021 மே மாத இறுதியில் கணக்கைத் திருத்தியபோது 69,342 ஆக இருந்த இறப்பு ஒரே நாளில் 180,764 ஆயிற்று. மறைத்து வைத்திருந்தால் அவமானப்பட்டிருக்காது, திருத்தியதால் மக்கள்தொகை விகிதப்படியான இறப்புப் பட்டியலின் உச்சிக்குப் போயிற்று. 2020, 21 ஆகிய இரு ஆண்டுகளில் உலகில் நிகழ்ந்த மிகை இறப்பு சுமார் 149 இலட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. நாடுகள் அறிவித்த கோவிட் இறப்போ ஏறத்தாழ 54 இலட்சம். எந்தக் கணக்கைப் பயன்படுத்துகிறோம் என்று பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லாத பேச்சாளருக்கு நாங்கள் இரண்டு புள்ளி குறைக்கிறோம்.

மிகவும் கவனமாகக் கையாள வேண்டியது ஜனாஸா விடயம், அதாவது இறந்த முஸ்லிம்களின் உடலை அடக்கம் செய்வது பற்றியது. எங்கள் மண்டபத்தில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த கதிரையில் இருக்கிறார்கள். சில நாட்களில் சிங்களப் பிள்ளைகளும் வருகிறார்கள். கோவிட்டால் இறந்தவர்களை எரிக்கவே வேண்டும் என்ற வர்த்தமானி 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வந்தது. அடக்கம், தகனம் இரண்டும் ஏற்கத்தக்கவை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலாக இருந்தது. அந்த ஆண்டு டிசெம்பர் 1இல் உயர் நீதிமன்றம் இதற்கெதிரான மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. அதே மாதத்தில் 20 நாள் குழந்தை ஒன்றின் உடல் எரிக்கப்பட்ட பின், மக்கள் பொரளைக் கனத்தை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கத்துக்கு அனுமதி வந்து, மார்ச் தொடக்கத்தில் ஓட்டமாவடியில் முதல் உடல்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது.

இதை விவாதத்தில் வைக்கும்போது, “எரித்தது சரியா, பிழையா” என்று தலைப்பு எழுதாதீர்கள். ஒருவருடைய தகப்பனின் உடலை எரித்தது சரியென்று வாதாடும்படி ஒரு பிள்ளையை நிறுத்தும் உரிமை நமக்கு இல்லை. மாறாக, நிபுணர் குழுவின் ஆலோசனை என்ற சொல் அரசியல் முடிவுக்கு எவ்வாறு மறைப்பாகலாம், அதைத் தடுக்க எந்த அமைப்பு இருந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். நாடாளுமன்றமா, நீதிமன்றமா, வைத்தியர்களின் தொழிற்சங்கமா என்பதில் உண்மையான கருத்து வேறுபாட்டுக்கு இடமிருக்கிறது. யாராவது பேச இயலாமல் நின்றால் நடுவர் மணியை அடிக்கக் கூடாது, தண்ணீர் கொடுக்க வேண்டும்.

கோவிட்டுக்கு மருந்தென்று சொல்லப்பட்ட பாணியின் கதை வந்தால் மண்டபம் சிரிக்கும். 2020 டிசெம்பரில் கேகாலையில் விநியோகிக்கப்பட்ட அந்தப் பாணியைச் சுகாதார அமைச்சரே பகிரங்கமாகக் குடித்ததும், அடுத்த மாதம் அவருக்கே தொற்று உறுதியானதும் எல்லோருக்கும் தெரியும். சிரிப்பு அடங்கட்டும், பின்பு பூட்டானை எடுங்கள். 2021 மார்ச் 27இல் அங்கே தடுப்பூசி தொடங்க நல்ல நாள் பார்த்தார்கள், குரங்கு ஆண்டில் பிறந்த பெண்ணுக்கே முதல் ஊசி போட்டார்கள், இரண்டு வாரங்களுக்குள் வயது வந்தோரில் மிகப் பெரும்பான்மையினருக்குப் போட்டு முடித்தார்கள். நம்பிக்கையைத் தடுப்பூசியின் பக்கம் நிறுத்தியதற்கும் தடுப்பூசிக்குப் பதிலாக நிறுத்தியதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லக்கூடியவரே அந்தச் சுற்றில் வெல்ல வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, அணிக்கு மூவர், ஒருவருக்கு ஆறு நிமிடம், பின்னர் குறுக்குக் கேள்விக்கு அரை மணித்தியாலம் என்று வகுத்துக்கொள்ளுங்கள். தொகுப்புரைக்கு முன் அணித்தலைவர்கள் இருவரையும் இடம் மாற்றி, எதிரணியின் மிக வலுவான வாதத்தை இரண்டு நிமிடத்தில் சொல்ல வையுங்கள். முதல் தடவை தடுமாறுவார்கள், மூன்றாம் தடவை பழகிவிடும். மூதூர், கிண்ணியாப் பக்கம் போகிறவர்களுக்கு பஸ் நேரம் நெருங்கினால் தொகுப்புரையைக் குறையுங்கள், குறுக்குக் கேள்வி நேரத்தில் கை வைக்க வேண்டாம்.