ஹைபிரிடா, எஸ்எஸ்டியா? காசு வீணாகும் இடங்கள்

சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கினால் மன்னார்குடிப் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர்களில் சிட்டா, அடங்கலோடு வரிசை வாசல் தாண்டி நிற்கும். அப்போதுதான் "ரொம்ப ஸ்லோ, ஹார்டு டிஸ்க்கை மாத்திடலாமாண்ணே?" என்று என்னிடம் வருவார்கள். மாற்றலாம். ஆனால் அந்த அவசரத்தில் பலர் ஹைபிரிட் டிரைவை வாங்கிவிடுகிறார்கள்.

1 டிபி இடமும் ஆச்சு, எஸ்எஸ்டி வேகமும் ஆச்சு என்ற நம்பிக்கைதான் காரணம். எஸ்எஸ்டி என்பது தட்டே இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் டிரைவ். ஹைபிரிட் உள்ளே இருப்பது தட்டு சுழலும் அதே ஹார்டு டிஸ்க். கூட பெரும்பாலும் 8 ஜிபி ஃபிளாஷ் சிப், அவ்வளவுதான். அடிக்கடி திறக்கும் ஃபைல்களை மட்டும் அது அந்த 8 ஜிபியில் வைத்துக்கொள்ளும். விண்டோஸ் ஒன்றே அதைவிடப் பல மடங்கு பெரியது. காலையில் ஆன்லைன் விண்ணப்பம், மதியம் கல்யாண ஆல்பம், சாயங்காலம் பசங்க ப்ராஜெக்ட் என்று வேலை மாறும் கடையில், கேட்கும் ஃபைல் பெரும்பாலும் தட்டிலிருந்துதான் வரும். தட்டில் ஒரு ஃபைலைத் தேடிப் பிடிக்கவே பத்து மில்லிசெகண்ட் போல ஆகும், எஸ்எஸ்டிக்கு 0.1 கூட ஆகாது. கம்ப்யூட்டர் ஆன் ஆவது முதல் பிரிண்ட் வருவது வரை தெரியும் வித்தியாசம் இதுதான்.

"256 ஜிபி எஸ்எஸ்டி பத்துமா?" என்பார்கள். சி டிரைவில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் நூறைத் தாண்டாது. போட்டோ, வீடியோ பழைய டிஸ்க்கிலேயே இருக்கட்டும்.

அடுத்தது எம்.2, அதாவது மதர்போர்டிலேயே செருகும் சின்ன எஸ்எஸ்டி கார்டு, பற்றிய குழப்பம். அதில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை. இரண்டும் பார்க்க ஒரே சூயிங்கம் பட்டை மாதிரிதான். என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா கார்டு கச்சிதமாக உட்காரும், ஸ்க்ரூவும் மாட்டும்; பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் செட்டிங் திரையில்) மட்டும் தெரியாது. நானே ஒருமுறை இப்படி அரை நாள் தொலைத்திருக்கிறேன். உங்கள் லேப்டாப் அல்லது மதர்போர்டின் மாடல் நம்பரைப் போட்டு, ஸ்லாட் எந்த வகை என்று தேடிவிட்டு வாங்குங்கள்.

எஸ்எஸ்டி போட்டாச்சு, இனி பேக்கப் வேண்டாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். ஹார்டு டிஸ்க் சாகும் முன் பல நேரம் 'டக் டக்' என்று சொல்லிவிடும். எஸ்எஸ்டி சொல்லாமலே போகலாம். அழிந்த ஃபைலை மீட்பதும் கஷ்டம். காற்றடித்தால் கரன்ட் போகும் ஊர் நம்முடையது, யுபிஎஸ்ஸும் வேண்டும். கழற்றிய டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு, வாரம் ஒருமுறை கடை பூட்டும் முன் காப்பி எடுங்கள். அது ஏற்கெனவே 'டக் டக்' என்றால் அதை நம்ப வேண்டாம், வேறொன்று வாங்குங்கள்.