நம்ம வார்டுக்கு ஒரு சின்ன தீயணைப்பு குழு: வண்டிக்கு முன்னாடி தண்ணியப் பாருங்க

மாசி பொறந்துட்டா ரங்கூன் பக்கத்துல எங்க தன்லின் ஊர்ல வீட்டு வாசல்ல எல்லாம் நீளமான மூங்கில் கழியில கட்டுன மீகத்தும் (தீயை அடிச்சு அணைக்கிற தட்டி) கொக்கியும் தொங்க ஆரம்பிச்சிடும், கீழ மணல் மூட்டையும் தண்ணி ரொப்புன பிளாஸ்டிக் பையும் இருக்கும். பர்மாவுல வளர்ந்த எல்லாருக்கும் இது தெரிஞ்ச காட்சிதான். ஆனா அந்தக் கொக்கிய எப்போ எங்க மாட்டி இழுக்கணும்னு கேட்டா பத்துல ஒருத்தருக்குத்தான் தெரியும். அதனாலதான் இதை எழுதுறேன். எங்க வார்டுல சின்ன குழு ஒண்ணு நடத்துறோம், பெகு, தட்டோன் பக்கத்துலருந்து தம்பிங்க சில பேர் "அண்ணே எங்க ஊர்லயும் ஆரம்பிக்கணும், எதுலருந்து தொடங்குறது"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்குப் பதிலா மொத்தமா இங்க சொல்லிடுறேன்.

எல்லாரும் முதல்ல கேக்குறது வண்டிதான். ஜப்பான்லருந்து வர்ற பழைய தீயணைப்பு வண்டிய எங்க வாங்கலாம், என்ன விலைன்னு. தயவுசெஞ்சு அதை ஒதுக்கி வைங்க. தண்ணி, பம்ப், பழகுன ஆளு, இந்த மூணும் சரியா அமைஞ்சப்புறம்தான் வண்டி. நம்ம சந்துல பாதிக்கு மேல வண்டி நுழையவே நுழையாது.

முதல் வேலை: ஸ்டேஷனுக்குப் போங்க

டவுன்ஷிப் தீயணைப்பு ஸ்டேஷனுக்கு வார்டு பெரியவங்க ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டு நேர்ல போங்க. அரசாங்கத்துலயே அயாங் மீதத்னு துணைத் தீயணைப்பு ஆளுங்களுக்கு ஒரு ஏற்பாடு இருக்கு, பயிற்சியும் அவங்களே குடுப்பாங்க. அவங்களுக்குத் தெரியாம தனியா குழு வச்சீங்கன்னா தீ அன்னைக்கு ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் இடிச்சுக்குவீங்க. இன்னொண்ணு, எங்கயாவது தீன்னா குழு எவ்வளவு பெருசா இருந்தாலும் முதல்ல 191க்கு ஒரு போன் போயாகணும், அப்புறம்தான் பம்ப் ஸ்டார்ட். நம்ம வேலை அவங்க வர்ற வரைக்கும் உள்ள அந்தப் பத்து இருவது நிமிஷம், அவ்வளவுதான். ஆனா மூங்கில் சுவரும் கீத்துக் கூரையும் உள்ள தெருவுல அந்தப் பத்து நிமிஷத்துலதான் ஒரு வீடு எரியுறதா தெருவே எரியுறதான்னு முடிவாகுது.

வாக்கி டாக்கி வாங்கலாமான்னு ஒரு தம்பி கேட்டாரு. பர்மிட் இல்லாம அதத் தொடாதீங்க, கேஸ் ஆயிடும். போன் லைன் இல்லாத நேரத்துக்கு வார்டு முனையில தொங்குற இரும்புத் தண்டவாளத் துண்டு போதும், மணி அடிக்கிறதுக்குன்னு இருக்கே அதேதான். தீக்கு எப்படி அடிக்கணும்னு ஒரு கணக்கு வச்சு ஊர் முழுக்க சொல்லி வைங்க.

தண்ணிக் கணக்கு

ஒரு பேப்பர்ல வார்டு மேப்ப கையால வரைங்க. குளம், கிணறு, கோயில் தொட்டி, பள்ளிக்கூடத்து டேங்க், போர் போட்ட வீடு எல்லாத்தையும் குறிங்க. 38 மில்லிமீட்டர் ஹோஸ்ல சாதாரண நாசில் (தண்ணி பீச்சுற முனை) போட்டா நிமிஷத்துக்கு 200 லிட்டர் சுமாருக்கு போகும், அதாவது வாசல்ல வைக்கிற அந்த நீல ட்ரம் ஒண்ணு ஒரே நிமிஷத்துல காலி. ஆயிரம் லிட்டர் டேங்க் அஞ்சு நிமிஷம். இந்தக் கணக்கச் சொன்னதும் எங்க கூட்டத்துல எல்லாரும் அமைதியாயிட்டாங்க, ஏன்னா அதுவரைக்கும் பத்து ட்ரம் இருந்தா போதும்னு நெனச்சிருந்தோம்.

ஓடை பக்கத்துல இருக்குன்னு நிம்மதியா இருக்காதீங்க. ரங்கூன் ஆறு, அதுல சேர்ற ஓடை எல்லாம் கடல் ஏத்தத்துக்கு ஏத்த மாதிரி ஏறி இறங்கும், ஏத்தத்துல கையெட்டுற தூரத்துல இருக்குற தண்ணி வத்தத்துல சேத்துக்கு அந்தாண்ட போயிடும். பம்ப் எவ்வளவு நல்லதா இருந்தாலும் ஏழு மீட்டர் பள்ளத்துக்குக் கீழ இருந்து தண்ணிய உறிஞ்சாதுன்னு வச்சுக்கங்க. பம்ப் தண்ணிய இழுக்கல, பம்புக்குள்ள காத்து இல்லாத எடத்துக்கு வெளிக்காத்துதான் தண்ணிய அமுக்கி ஏத்துது, காத்தோட பலத்துக்கும் ஒரு எல்லை இருக்கு. அதனால வத்த நேரத்துல போய் அளந்து பாருங்க, ஏத்தத்துல அளந்து பிரயோஜனம் இல்ல. சித்திரை வெயில்ல குளம் எவ்வளவு வத்துதுன்னும் பாருங்க, தீ வர்ற மாசமும் தண்ணி இல்லாத மாசமும் ஒண்ணாத்தான் வருது.

பம்பும் ஹோஸும்

ரெண்டு பேர் தூக்குற பெட்ரோல் பம்ப் ஒண்ணு, அதோட உறிஞ்சுற ஹோஸ் (இது விறைப்பா இருக்கணும், வயலுக்கு விடுற மெல்லிசு டியூப் போட்டா உள்ள வாங்கி ஒட்டிக்கும்), முனையில சல்லடைக் கூடை, 65 மில்லிமீட்டர் ஹோஸ் மூணு நாலு, 38 ஹோஸ் நாலு, பிரிக்கிற ஒய் பீஸ் ஒண்ணு, நாசில் ரெண்டு. பம்புலருந்து தீ வரைக்கும் தூரத்த பெரிய ஹோஸ்ல கடங்க, கடைசி கொஞ்சம் மட்டும் சின்னது, ஏன்னா சின்ன ஹோஸ் நீளமா போனா உரசல்லயே வேகம் செத்துடும், நாசில்ல சொட்டுதான் வரும்.

வாங்குறதுக்கு முன்னாடி கப்ளிங்க (ஹோஸ பூட்டுற முனை) பாருங்க! ஜப்பான் சாமான் ஒரு மாதிரி, இங்கிலீஷ்காரன் மாடல் ஒரு மாதிரி, சைனா சாமான் வேற மாதிரி பூட்டும். ஸ்டேஷன் வண்டியில என்ன பூட்டு இருக்கோ அதையே வாங்குங்க, இல்லன்னா மாத்துற அடாப்டர் கையில இருக்கணும். அவங்க வந்து நம்ம ஹோஸ்ல மாட்ட முடியாம நிக்கக் கூடாது.

எங்களுக்கு நடந்தத சொல்றேன். குளக்கரையில பயிற்சி, பம்ப் நல்லா ஸ்டார்ட் ஆச்சு, சத்தம் எல்லாம் சரி, தண்ணி மட்டும் வரல. பெட்ரோல் பாத்தோம், ப்ளக் பாத்தோம், சல்லடைய தூக்கிப் பாத்தோம், கால் மணி நேரம் போச்சு. கடைசியில ஒரு பெரியவர் உறிஞ்சுற ஹோஸ் கப்ளிங்க கழட்டி விரல உள்ள விட்டுத் தடவிப் பாத்தாரு, ரப்பர் வாஷர் இல்ல. அவ்வளவு சின்ன வளையம்! அது வழியா காத்து உள்ள போயிக்கிட்டே இருந்திருக்கு, காத்து போற வரைக்கும் தண்ணி ஏறவே ஏறாது. அன்னைக்கு நிஜத் தீயா இருந்திருந்தா கால் மணியில எத்தன வீடு போயிருக்கும்னு இன்னைக்கும் நெனச்சுப் பாப்பேன். இப்போ பம்ப் கைப்பிடியிலயே ஒரு கம்பியில நாலு வாஷர் கோத்து தொங்கவிட்டிருக்கோம். நீங்களும் அப்படியே செய்ங்க.

சல்லடைக் கூடை சேத்துல உக்காரக் கூடாது, தண்ணி மட்டத்துக்கு ரொம்ப ஒட்டியும் இருக்கக் கூடாது (சுழி விழுந்து காத்த உறிஞ்சிடும்), ஒரு முழம் ஆழத்துல இருக்குற மாதிரி கயித்துல கட்டி மேல புடிச்சுக்கங்க. பிளாஸ்டிக் பை மிதக்குற குளம்னா ஒரு மூங்கில் கூடைக்குள்ள சல்லடைய வச்சு இறக்குங்க. தண்ணி இல்லாம பம்ப ஓட்டாதீங்க, உள்ள சீல் எரிஞ்சிடும். பெட்ரோல் மாசக்கணக்கா டேங்க்ல கிடந்தா கெட்டுப்போகும், மாத்திக்கிட்டே இருங்க.

அப்புறம், பர்மா புத்தாண்டுக்கு ஒருத்தர் மேல ஒருத்தர் தண்ணி அடிக்கிற தண்ணித் திருவிழா. சித்திரையில மேடை போடுறவங்க கண்டிப்பா வந்து "அண்ணே ரெண்டு நாளைக்கு பம்ப் குடுங்க"ன்னு நிப்பாங்க. சொந்தக்காரங்களா இருந்தாலும் குடுக்காதீங்க. வருஷத்துலயே வெயில் உச்சம் அந்த வாரம்தான், அப்போ பம்ப் அடுத்த தெரு மேடையில இருந்தா நாம குழு வச்சே பிரயோஜனம் இல்ல.

கைச் சாமான்

கொக்கி, மீகத், கோடாலி, கடப்பாரை, நல்ல கயிறு, ஏணி, டார்ச். 2025 மார்ச் 28 பூகம்பத்துக்கு அப்புறம் நாங்க வண்டி ஜாக்கி ரெண்டும் சேத்துக்கிட்டோம், மண்டலே, சகாய்ங் பக்கம் இடிபாட்டுக்குள்ள இருந்தவங்கள பக்கத்து வீட்டுக்காரங்க வெறுங்கையால தோண்டினத எல்லாரும் பாத்தோம். தீயணைக்கிற பவுடர் சிலிண்டர் நாலஞ்சு இருந்தா நல்லது, ஆனா ஆறு கிலோ சிலிண்டர் மொத்தமே பத்து இருவது செகண்ட்தான் வரும், அதனால ரெண்டு மூணு மீட்டர் தள்ளி நின்னு, பூட்டுப் பின் கம்பிய உருவி, தீயோட அடியப் பாத்து, அமுக்கி, பக்கவாட்டுல வீசணும். சுடர் மேல அடிச்சா வீண். மாசம் ஒருக்கா சிலிண்டர் மீட்டர்ல முள்ளு பச்சையில நிக்குதான்னு பாருங்க.

உடுப்பு

நைலான், பாலியஸ்டர் வேணாம், உருகி தோல்ல ஒட்டிக்கும். கைலியும் செருப்பும் வேணவே வேணாம். கெட்டியான காட்டன் முழுக்கை சட்டை, காட்டன் பேண்ட், தோல் பூட்ஸ், தோல் கையுறை, ஹெல்மெட், இதோட வெளியில நின்னு தண்ணி அடிக்கலாம். எரியுற வீட்டுக்குள்ள போறதுக்கு இது உடுப்பு இல்ல. மருந்துக்கடை மாஸ்க் தூசிய நிறுத்தும், புகையில இருக்குற கார்பன் மோனாக்சைட நிறுத்தாது, புகை அடர்த்தியா இருந்தா ரெண்டு மூணு மூச்சுலயே மயக்கம் வந்து விழுந்துடலாம். முதுகுல காத்து சிலிண்டரும், அதுல பழகுன ஆளும் இல்லாத வரைக்கும் எங்க குழுவுல யாரும் உள்ள போறது கிடையாது. இத சத்தியம் மாதிரி முதல் நாளே எல்லார்கிட்டயும் வாங்கிக்கங்க, ஏன்னா உள்ள புள்ள இருக்குன்னு யாராவது அழும்போது வாக்கு குடுத்திருந்தாதான் நிக்க முடியும்.

ஆளு சேக்குறது

18 வயசுக்கு மேல இருக்கணும். பையனுங்க மட்டும்னு நெனைக்காதீங்க, பகல்ல பதினோரு மணிக்கு வார்டுல யாரு இருக்கா? ஆம்பளைங்க வேலைக்குப் போயிருப்பாங்க, வீட்டுலயும் கடையிலயும் இருக்குறது அக்காமாருங்கதான். எங்க பகல் ஷிஃப்ட்ல பாதி பேர் பெண்கள், பம்ப் ஸ்டார்ட் பண்றதுல ஒரு அக்காவ மிஞ்ச ஆள் இல்ல. பர்மாக்காரங்க, சீனாக்காரங்க, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைங்க எல்லாரையும் கூப்பிடுங்க, கோயில் கமிட்டிக்குள்ளேயே வச்சுக்காதீங்க. ஆர்டர் எல்லாம் பர்மிய மொழியில இருக்கட்டும், "யே"ன்னா தண்ணின்னு எல்லாருக்கும் தெரியும். பம்ப் சத்தத்துல வாய்ப்பேச்சு கேக்காது, அதனால கைய நேரா தூக்குனா தண்ணி விடு, ரெண்டு கையும் குறுக்க வச்சா நிறுத்துன்னு சைகை பழகுங்க.

காசு விஷயம் ஒரே வரிதான், வந்தது போனது எல்லாம் போர்டுல எழுதி ஒட்டுங்க.

வாரப் பயிற்சி

ஞாயித்துக்கிழம காலையில ஒரு மணி நேரம். பம்ப தூக்கிட்டுப் போய் தண்ணி நாசில்ல வர்ற வரைக்கும் வாட்ச்ல நேரம் பாருங்க. எங்களுக்கு ஆரம்பத்துல பதினோரு நிமிஷம் ஆச்சு, இப்போ நாலு. வேற ரகசியம் எதுவும் இல்ல, அதே வேலைய திரும்பத் திரும்ப செஞ்சதுதான். நாசில் புடிக்கிறவர் பின்னாடி எப்பவும் இன்னொருத்தர் தோள் குடுத்து நிக்கணும், வால்வ மெதுவாத் திறக்கணும், படக்குன்னு திறந்தா ஹோஸ் பாம்பு மாதிரி சீறி ஆளத் தள்ளிடும்.

பங்குனியில தீமிதி வைக்கிற கோயில்ல நம்ம குழு ஒரு ஹோஸோட ஓரமா நிக்கலாம், நல்ல பயிற்சி, சனங்களுக்கும் நம்மள தெரியும். அன்னதான சமையல்ல எண்ணெய்ச் சட்டி பத்திக்கிட்டா தண்ணி ஊத்தாம அடுப்ப அணைச்சு மூடி போட்டு மூடணும்னு அங்கேயே நாலு பேருக்கு செஞ்சு காட்டுங்க.

தீ அன்னைக்கு

வரிசை இதுதான். 191க்கு சொன்னதும், எரியுற வீட்டுக்குள்ள நாம நுழையாம, ஆளுங்கள வெளிய கொண்டாரது முதல்ல. அடுத்து கரண்ட், மின்சார ஆபீஸுக்கு போன் போட்டு லைன நிறுத்தச் சொல்லணும், நிறுத்துனது உறுதியாகாம தண்ணி அடிக்காதீங்க, இன்வெர்ட்டர், பேட்டரி, சோலார் தகடு உள்ள வீட்டுல மெயின் நிறுத்துனாலும் உள்ள கரண்ட் இருக்கும்னு மறக்காதீங்க. பெட்ரோல் பாட்டில் வச்சு விக்கிற கடை, கேஸ் சிலிண்டர் எந்த வீட்டுல இருக்குன்னு உங்க மேப்ல முன்னாடியே குறிச்சிருக்கணும்.

அப்புறம் நிறைய பேர் தப்பு பண்ற எடம். நல்லா கொழுந்து விட்டு எரியுற வீட்டு மேலயே தண்ணிய ஊத்திக்கிட்டு இருப்போம், அது ஏற்கனவே போயிட்டது. காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கத்து வீட்டுக் கூரைய முதல்ல நனைங்க. மூங்கில் கணு டப்பு டப்புன்னு வெடிக்கும் பாருங்க, ஒவ்வொரு வெடியிலயும் நெருப்புத் துண்டு பறந்து நாலாவது வீட்டுக் கீத்துல போய் உக்காரும், அதுக்குத்தான் மீகத்தோட ரெண்டு பேர் கூரை கூரையா பாத்துக்கிட்டு தூரத்துலயே நிக்கணும். தண்ணி பத்தலன்னா காத்து போற பக்கம் ஒரு வீடு விட்டு அடுத்த வீட்டுக் கூரைய கொக்கி போட்டு இழுத்து இறக்கணும். வீட்டுக்காரர் கதறுவாரு, மனசு வலிக்கும், அதனால இந்த முடிவ எடுக்குற பொறுப்பு யாருதுன்னு வார்டு பெரியவங்க முன்னாடி முன்கூட்டியே பேசி வச்சுக்கங்க. அங்க நின்னு விவாதம் பண்ண முடியாது.

கால் மணிக்கு ஒருக்கா நாசில் ஆள மாத்துங்க, குடிக்கத் தண்ணி குடுங்க. ஸ்டேஷன் ஆபீசர் வந்ததும் தலைமை அவருக்கு, யாரு வெளிய வந்தாச்சு, யாரக் காணோம், தண்ணி எங்க இருக்குன்னு மூணே விஷயம் சொல்லிட்டு அவர் சொல்றத கேளுங்க.

அணைஞ்சப்புறம் சாம்பல கிளறி அடியில பாருங்க, தேக்குக் கட்டை உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டே இருக்கும், ராத்திரி காத்துக்கு மறுபடி பத்தும். ரெண்டு பேராவது விடியிற வரைக்கும் இருக்கணும். மத்தவங்க ஹோஸ சேறு போக கழுவி, நிழல்ல தொங்கவிட்டு காய வச்சு (ஈரத்தோட சுருட்டுனா கேன்வாஸ் மக்கிடும்), ரெண்டா மடிச்சு சுருட்டி, பெட்ரோல் ரொப்பி, வாஷர எண்ணி வச்சுட்டுத்தான் தூங்கப் போகணும்.